அமுக்கி வைத்த புள்ளிகள்

1. மொட்டை ஊசி

மாத்தளையில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் நான் கிளாக்காக இருந்தேன். புத்தகம் கொடுப்பது, திருப்பி வாங்குவது, ஸ்டென்சில் அடிப்பது, ரோனியோ மெஷினில் நோட்ஸ் உருட்டுவது எல்லாம் என் தலையில்தான். அறுபதுகளின் நடுவில் ஒருநாள் பிரின்சிபல் என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டு ஒரு பார்சலைக் கொடுத்தார். உள்ளே பித்தளைச் சட்டம் ஒன்று, மரப்பிடி போட்ட மொட்டை ஊசி ஒன்று, பிரெயில் எழுத்துகள் அச்சடித்த ஓர் அட்டை. பார்வையில்லாத மாணவர் ஒருவர் சேர்கிறார், பாட நோட்ஸ் முழுவதையும் அவருக்குப் பிரெயிலில் ஆக்க வேண்டும் என்றார். யார் ஆக்குவது என்று கேட்டேன்.

"நீங்கதான் மிஸ். லைப்ரரியில உங்களுக்கு அப்பிடி என்ன பெரிய வேல?" என்றார்.

அந்த மாணவர் பெயர் செல்வராஜ். ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போய்விட்டது. கொழும்புப் பக்கம் பார்வையற்றோர் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்துவிட்டு வந்திருந்தார். முதல் நாளே பிரின்சிபல் எல்லோர் முன்னிலையிலும் அவர் தோளைத் தட்டி, நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே, எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். மண்டபமே கைதட்டியது. செல்வராஜ் தலையை மட்டும் ஆட்டினார். பரீட்சையில் அவர் விடை சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவதற்கும் அனுமதி வாங்கியாயிற்று. அதனால் அவருக்கு எழுதவே வராது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிரெயில் குத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் பாடு தெரியும். தடித்த கடதாசியைச் சட்டத்தில் பூட்டி, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிப் போட்டுக் குத்த வேண்டும். பிறகு தாளைப் புரட்டினால் புள்ளிகள் எழும்பி நிற்கும். விரல் வாசிப்பது அந்தப் புடைப்பைத்தான். மற்ற மாணவர்கள் எல்லோருக்குமான நோட்ஸை ரோனியோ மெஷின் ஒரு காலையில் துப்பித் தள்ளிவிடும். செல்வராஜுக்கான ஒரே ஒரு பிரதிக்கு எனக்கு மாதக்கணக்கில் போனது. கல்வி உளவியல், கற்பிக்கும் முறை, சுகாதாரம் என்று மூன்று பெரிய கட்டுகள். விரல் காய்த்துப் போய், சோறு பிசைந்தால் எரிந்தது. உத்தியோகத்துக்குப் போகிறாயா, கல்லுடைக்கப் போகிறாயா என்று அம்மா கேட்டாள். மெய்யாகவே அலுத்துப்போனேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2. காசிம் நானாவின் கைவேலை

இறுதிப் பரீட்சை நெருங்கியது. பாஸானால் செல்வராஜுக்குத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார் வேலை. தவறினால் தோட்டத்து லயக் குடியிருப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே கண் தெரியாதவருக்கு வேலைக்குப் பேர் போட எந்தக் கங்காணி முன்வருவார்? இன்னொரு தடவை பரீட்சை எழுத விடுவார்களா என்பதும் நிச்சயமில்லை. அவர் அப்பாவும் அம்மாவும் கொழுந்தெடுத்தும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியும் அவரை இதுவரை கொண்டுவந்திருந்தார்கள்.

பரீட்சைக்கு முன்னால் கல்லூரிக்கு ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. நூலால் கட்டிப் புடைத்துக்கொண்டு நின்ற என் தாள்கட்டுகள் பிரின்சிபலின் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தபோது பியோனைக் கூப்பிட்டு, மூன்றையும் அலுவிகாரை ரோட்டிலிருந்த காசிம் நானாவின் பைண்டிங் கடைக்கு அனுப்பிவிட்டார்.

நான் திரும்பி வந்த அன்றைக்கே காசிம் நானா புத்தகங்களைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். சிவப்புக் காலிகோ அட்டை, முதுகில் தங்க எழுத்து. இது நன்மையான காரியம், கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிரின்சிபல் உடனே செல்வராஜை வரவழைத்தார். செல்வராஜ் முதல் புத்தகத்தைத் திறந்து விரலை ஓட்டினார். அடுத்த பக்கம் திருப்பினார். நடுவில் திறந்தார். இரண்டாவது புத்தகத்தையும் மூன்றாவதையும் எடுத்துத் தடவினார்.

"வெறுந்தாளால்ல இருக்குங்க மிஸ்" என்றார்.

காசிம் நானாவுக்குப் புரியவில்லை. ஒரு பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இல்லியே தம்பி, இந்தா தெரியுதே, புள்ளி புள்ளியா" என்றார்.

உண்மைதான். கண்ணுள்ள எங்கள் எல்லோருக்கும் புள்ளியின் தடம் தெரிந்தது. வாசிக்க வேண்டியவருக்குத்தான் ஒன்றுமில்லை. எந்தப் புத்தகத்தையும் தைத்து, பசை போட்டு, பிரஸ்ஸில் வைத்து இறுக்கினால்தான் அது நல்ல பைண்டிங். இந்தக் கட்டுகள் அடங்காமல் புடைத்து நின்றதால் நானா இன்னும் கொஞ்சம் கூடவே திருகியிருக்கிறார். தொழிலை ஒழுங்காகச் செய்ததில் எல்லாப் புள்ளிகளும் படுத்துவிட்டன.

எனக்கு அழுகை வந்தது. பிரின்சிபல் நடந்தது நடந்துவிட்டது, மிஸ் திரும்பக் குத்துவார் என்றார், ஏதோ கறிக்கு உப்புப் போடச் சொல்வதுபோல. பிறகு செல்வராஜின் பக்கம் திரும்பி, இவ்வளவு பேர் உனக்காகப் பாடுபடுகிறோம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் நன்றியோடு இரு என்றார்.

செல்வராஜ் சத்தம் உயர்த்தவில்லை. "நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சுங்க சேர். பைண்ட் பண்றதுக்கு முந்தி என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

பிரின்சிபல் முகம் கறுத்து எழுந்து போய்விட்டார். எனக்கும் அது சுட்டது. காய்த்த விரலை வைத்துக்கொண்டு நிற்கிற என்னையும் சேர்த்துத்தானே சொல்கிறார் என்று கோபமாக இருந்தது.

3. வாசிக்க ஒரு ஆள்

காசிம் நானா மட்டும் போகவில்லை. செல்வராஜின் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிழை செய்த கை அவருடையதுதான், ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை.

"தம்பி, தெரியாமச் செஞ்சிட்டேன். இப்ப என்ன செஞ்சா உங்களுக்கு ஒதவும்?" என்று கேட்டார்.

செல்வராஜ் புத்தகங்களை மூடி வைத்தார். பிறகு, "தடிச்ச கடதாசி கொஞ்சம் வேணும் நானா. அந்தச் சட்டத்தையும் ஊசியையும் குடுத்தா நானே எழுதிக்குவேன். யாராச்சும் நோட்ஸ வாசிச்சா போதும்" என்றார்.

நானா கடைக்குப் போய் ஒரு கட்டுக் கடதாசியோடு திரும்பினார். நான் என் அலுமாரியைத் திறந்து சட்டத்தைக் கொடுத்தேன். செல்வராஜ் பழைய பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது அங்கே பாவித்த சட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இங்கே இருந்த ஒன்றோ என் பூட்டுக்குள் இருந்தது. ரோனியோ நோட்ஸை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். அவர் ஊசி மழை பெய்கிற மாதிரி ஓடியது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து வாசிக்க முடியாமல் நான்தான் மூச்சு வாங்கினேன். நான் ஒரு பக்கம் குத்த எடுத்த நேரத்தில் அவர் ஒரு பாடத்தையே முடித்தார். அதுவும் முழுவதையும் எழுதவில்லை. "இது தெரியும் மிஸ், விடுங்க", "இத இன்னொருக்கா" என்று தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். எனக்குத் தொண்டை கட்டிப்போனால் அவர் வகுப்பு நண்பர்கள் வாசித்தார்கள். பரீட்சைக்கு முன்னால் மூன்று பாடமும் அவர் கையில் இருந்தன.

ஒருநாள் வாசிப்பை நடுவில் நிறுத்தினேன். அத்தனை மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேவிட்டேன். எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன இடத்தில் சேர்ந்த முதல் நாளே எப்படி மறுத்துப் பேசுவது, அதன் பிறகு நீங்கள் பாதி வேலை முடித்திருந்தீர்கள் என்றார்.

அவர் பாஸானார். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு நியமனமும் வந்தது. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, காது கேட்காதவர், நடக்க முடியாதவர் என்று சிலர் அந்த நூலகத்துக்கு வந்தார்கள். ஊசியையோ ஸ்டென்சிலையோ தொடுவதற்கு முன்னால் அவர்களிடம் உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டேன். இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அவ்வளவுதான். பதில் நம் உழைப்பைத் தேவையில்லாததாக்கிவிடும் என்று பயமாக இருந்தாலும் கேட்டுவிட வேண்டும்.

நியமனம் கிடைத்த அன்று செல்வராஜ் நூலகத்துக்கு வந்தார்.

"நீங்க வாசிச்சதுக்கு ரொம்ப நன்றி மிஸ்" என்றார்.

எனக்கு மனசு ஆறவில்லை. "அப்ப அந்த மூணு புத்தகத்துக்கு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். குரலில் கொஞ்சமும் குத்தல் இல்லை.

"அது நீங்க உங்களுக்காகச் செஞ்சது மிஸ்."