தலைகீழாகப் போன மொபெட்

சித்தேரி மலையில் இருக்கும் அந்த ரேடியோ நண்பரை நான் ஒரு நாளும் முழுசாக நம்பியதில்லை. இருவருமே லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து நான் ஒரு படத்தை ஒலியாக மாற்றி ரேடியோவில் விடுவேன். அந்தக் கீச்சொலியை மேலே அவருடைய போன் மறுபடி படமாக்கும். மழையோ இடியோ, அவர் பதில் ஒன்றுதான்: "பளிச்சுனு வந்துச்சுங்க."

அதெப்படி எப்போதும் பளிச்சென்று வரும்? படத்தைப் பார்க்காமலே சொல்கிறான் மனுஷன் என்று எனக்கு எரிச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மொபெட்டைப் படமெடுத்து, அந்தப் படத்தை வேண்டுமென்றே தலைகீழாகக் கவிழ்த்து அனுப்பினேன்.

"பளிச்சுனு வந்துச்சுங்க."

மாட்டினாரா! "அப்படீங்களா? அதை எனக்குத் திருப்பி அனுப்புங்க, பாக்கலாம்" என்றேன். வந்த படத்தை வந்தபடியே திருப்பி அனுப்பிக் காட்டுவது எங்களுக்குள் வழக்கம்தான். அலைவரிசையில் இன்னும் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதுவும் வசதியாகப் போயிற்று.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். நான் அனுப்பியதுதான் என்றால் முதலில் சக்கரம் வரவேண்டும். வந்தது ஹேண்டில்பார். பிறகு சீட்டு, கடைசியில்தான் சக்கரம். என் கைப்பிசகு என்று நினைத்து, அத்தனை பேர் காதில் விழ ஒரு வார்த்தை சொல்லாமல், அதை நேராக்கி அனுப்பியிருந்தார்.

படம் நெடுக இரைச்சல் புள்ளிகள். பாதி மொபெட்டைக் காணவில்லை.

"எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டார்.

"பளிச்சுனு வந்துச்சுங்க" என்றேன்.