பல்செட் கிண்டிய சாக்லேட்

அவருக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் அதைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். பல்செட் என்றால் உடனே கை காட்டுவார்கள். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் கட்டிக் கொடுக்கும் பட்டறை அவருடையது. ஊரார் வாய்க்குப் பல் கட்டியே காலம் ஓடிவிட்டதில், வீட்டில் பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்ற நினைப்பே ஐம்பது தாண்டித்தான் வந்தது. பட்டறைக்கு எதிரே இருந்த தபால் நிலையத்தில் வேலை பார்த்தவளைக் கட்டிக்கொண்டார். அவள் கணவனை இழந்தவள். வேலைக்குப் போகும் மகள் ஒருத்தி வெளியூரில் இருந்தாள்.

மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. "உன் இஷ்டம்மா" என்று போனில் சொன்னதோடு சரி. வருஷக் கடைசி லீவில்தான் முதன்முதலாக அந்த வீட்டுப் படியேறினாள். அதுவும் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவதாகச் சொல்லிக்கொண்டே ஏறினாள். பையைக் கதவோரமே வைத்தாள். ஒரு ராத்திரியாவது தங்க மாட்டாளா என்று ஏங்கிய அம்மா, அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல்செட் அதைப் பார்த்துவிட்டார். எல்லாம் தன்னால்தானே?

அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. லீவு முடிந்து வருகிறவர்கள் ஆளுக்கொரு தின்பண்டம் கொண்டுவருவது மகளுடைய ஆபீஸ் வழக்கமாம். வீட்டிலேயே சாக்லேட் செய்து அவளிடம் கொடுத்தனுப்பலாம். அச்சு எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளா? பட்டறை ரப்பரில் பூவும் இலையும் நிலாவுமாக அச்சு எடுத்து வைத்திருந்தார். பல்செட் போட்டுக் கொடுக்கும் புது டப்பாக்களும் தயார்.

"இதுல போட்டுக் குடுத்தா யாரு வாயில வைப்பாங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாம் வாயில வைக்கிற சமாச்சாரந்தானே?"

டப்பாவை மறைக்கவாவது வண்ணக் காகிதம் வேண்டும் என்று அவள் கடைக்குக் கிளம்பினாள். மகள் கூடத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்செட் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்கினார். மினுமினுவென்று உருகி வந்தது. அந்த நேரம் பார்த்து பட்டறைப் பழக்கம் கைவரிசையைக் காட்டிவிட்டது. அங்கே பல் அச்சுக்கு மாவு குழைக்கும்போது கரண்டியைத் தண்ணீரில் முக்கித்தான் எடுப்பார். இங்கேயும் முக்கினார், கிண்டினார். கண் மூடித் திறப்பதற்குள் அத்தனையும் திப்பி திப்பியாகக் கட்டிதட்டிப் போனது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"தண்ணி பட்டுடுச்சா சார்?" அடுப்படி வாசலில் மகள் நின்றாள்.

"உனக்காகத்தான்மா செஞ்சேன். பாழாக்கிட்டேன்."

"சூடா பால் ஊத்துங்க."

"சொட்டுத் தண்ணிக்கே இந்தக் கதி!"

"சொட்டுன்னாத்தான் கெடும். தாராளமா ஊத்தினா சேர்ந்துக்கும். ஹாஸ்டல்ல நானும் சொதப்பியிருக்கேன்."

அவர் பாலைச் சுடவைத்து ஊற்ற ஊற்ற, அவள் கரண்டியை வாங்கிக் கிண்டினாள். திப்பி கரைந்து குழம்பு போல் ஆனது. பல்செட் அடுப்பைப் பார்த்தபடியே பேசினார்.

"போன்ல நீ பேசினா டக்குனு அம்மாகிட்ட குடுத்துடுவேன். தப்பா ஏதாச்சும் சொல்லிடுவேனோன்னு பயம்மா. வேற ஒண்ணுமில்ல."

அவள் கை நின்றது. "என்கூடப் பேசவே பிடிக்கலன்னு நெனச்சேன் சார். அதான் இந்தப் பக்கமே வரல."

"ஐயையோ!" என்றார். கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காதது போல் மறுபடி கிண்டினாள்.

மனைவி காகிதச் சுருளோடு வந்தபோது தட்டில் சாக்லேட் ஆறிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சேடி. கிளம்பலையா?"

"இது இனிமே அச்சுல நிக்காதும்மா, உருண்டைதான் பிடிக்கணும். பிரிட்ஜ்ல ராத்திரி பூரா இருந்தாத்தான் கையில ஒட்டாம வரும். சாரை உருட்ட விட்டா கடவாப்பல்லு மாதிரி உருட்டி வெச்சுடுவாரு. காலையில நானே உருட்டறேன்."

பல்செட் விடுவிடுவென்று வாசலுக்குப் போனார். கதவோரம் இருந்த பையைத் தூக்கிவந்து உள்ளறைக் கட்டிலில் வைத்தார்.