வெடுக்கென்று

கையிலிருப்பதைப் பிடுங்கினாலும் ‘வெடுக்கென்று’ என்போம், முகத்தில் அடித்த மாதிரி பேசினாலும் ‘வெடுக்கென்று’ என்போம். ஆனால் ‘நான் வெடுக்கென்று பேசினேன்’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அது எப்போதும் அடுத்தவர்கள் பேசுவதுதான். எங்கள் வீட்டில் அந்த அடுத்தவர் என் மகள்.

மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். பக்கத்து வீட்டாரிடம் “ஊட்டா ஆய்த்தா ஆன்ட்டி”, சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில் குழைவாள். தமிழில் அவளுக்கு இருப்பதே கொஞ்சம் சொற்கள். அதில் குழைய என்ன இருக்கிறது?

அத்தான் இறந்த பிறகு அக்காவை அவள் ஊரான ஹனூரிலிருந்து அழைத்து வந்தேன். அந்த வீட்டில் அவள் தனியாகக் கிடக்கக்கூடாது, இங்கேயே தங்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. மகளின் வாய்தான் பயமாக இருந்தது.

முதல் நாளே அக்கா ஆசையாகக் களி கிண்டித் தட்டில் வைத்தாள்.

“வேணாம் பெரியம்மா. எனக்குப் பிடிக்காது.”

“அவளுக்குத் தமிழ் அவ்வளவுதான் வரும்க்கா” என்றேன். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு மகள் வாயைத் திறந்தாலே நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். உன்னோடு பெரிய தொல்லை என்றார் கணவர்.

பயந்தபடியே ஆயிற்று. ஒரு மாலை டீ குடிக்கும்போது அக்கா, “வூடு பூட்டியே கெடக்குது. நாளைக்குப் பஸ்ஸுக்குப் போறேன்” என்றாள்.

தடுத்தால் வற்புறுத்துவது போலாகிவிடுமே என்று, “உனக்கு எது வசதியோ அப்படிச் செய்க்கா” என்றேன். கணவரும் “எப்ப வேணும்னாலும் வாங்க, இது உங்க வீடு” என்றார்.

மகள் தலையை நிமிர்த்தினாள். “எதுக்குப் போறீங்க? அங்க யாரு இருக்காங்க?”

கணவனை இழந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? டம்ளரைக் கீழே வைத்தேன்.

அக்கா அவளையே பார்த்தாள். “யாருமில்ல கண்ணு.”

“அப்ப இங்கயே இருங்க.”

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

“இத நீ சொல்லுவீன்னுதான் இத்தன நாளாப் பாத்துட்டிருந்தேன்.”