உயிரோடிருந்தவருக்கு நான் கொடுத்த ஆன்மப் பூசை

என்னோடு ஒரே பீடத்தின் முன் மண்டியிடும் அன்பானவர்களே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வந்திருக்கிறேன். அதோடு என் பாவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

போன ஆண்டு மழைக்காலம். என் கணவர் அருள் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலை, இரும்புலியூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் தப்பான வழியில் வந்த கார் வேனில் மோதியது. ஒரு குழந்தைக்குக் கை முறிந்தது. டீக்கடையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த ஞானப்பிரகாசம். அவர் போலீசிடம், "டிரைவர் போன் பேசிகினு வந்தாரு சார்" என்று சொல்லிவிட்டார்.

பச்சைப் பொய். இவர் வேன் ஓட்டும்போது போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிற மனிதர். அன்றும் அது எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. சொன்னேன், யாரும் கேட்கவில்லை. மனைவி வேறெப்படிச் சொல்வாள் என்றார்கள். லைசென்ஸ் போனது, வேலை போனது. 'பிள்ளை கையை உடைத்தவன்' என்ற பெயர் வந்தது. இவர் வெளியே போவதை நிறுத்தினார். பிறகு சாப்பாட்டையும் நிறுத்தினார். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அவர் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஞானப்பிரகாசமோ ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்கினார். அந்த நாக்கை நீட்டித்தான் வாங்கினார். என்னால் பொறுக்க முடியவில்லை. செபமாலை சொல்லும்போது, பிறர் குற்றத்தைப் பொறுப்பது பற்றிய வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன். பொறுக்கமாட்டேன் ஆண்டவரே, அவன் நாசமாய்ப் போகட்டும். அதுதான் என் செபம்.

நவம்பர் வந்தது, ஆன்மாக்களின் மாதம். எல்லோரும் வரிசையில் நின்று தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடிருப்பவனுக்கு ஆன்மப் பூசை வைத்தால் அவன் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று சின்ன வயதில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் வரிசையில் நின்றேன்.

அலுவலகத்தில் புதிதாக வந்த பெண் கேட்டாள்: "பேர் இன்னா ஆன்ட்டி?"

"ஞானப்பிரகாசம். முப்பது நாளும் வை."

ஆண்டவர் ஆளை மாற்றிவிடக்கூடாதே என்று தெருவின் பெயரையும் கொடுத்தேன்.

"எப்போ தவறிட்டாரு?"

"போன மாசம்."

கூசாமல் சொன்னேன்.

தினமும் காலை ஆறு மணிப் பூசைக்குப் போனேன். அவர் பெயரை வாசிக்கும்போது உள்ளுக்குள் இனித்தது. வாய் மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து, "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் எப்போதும் எட்டரை மணிப் பூசைக்கு வருகிறவர். இரண்டாவது ஞாயிறன்று என்ன அவசரமோ, ஆறு மணிக்கே வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். பெயர்ப் பட்டியலை வாசித்தார்கள். தெருவோடு சேர்த்து அவர் பெயரையும் வாசித்தார்கள். முகம் வெளிறிப் போனது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று அவர் நற்கருணை வாங்கப் போகவில்லை.

மாலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, சாவு என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டுடுச்சு. வேன்ல மோதுன கார் எங்க மொதலாளி வண்டி. வேலை பூடும்னு பயந்து பொய் சொல்லிட்டேன். ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணேன். போய் உண்மையைச் சொல்லி அண்ணன் பேரை மீட்டுக் குடுன்னு சொல்லிட்டாரு. இப்போ ஸ்டேஷன்லேர்ந்துதான் வரேன்."

இவர் படுக்கையிலிருந்து எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிரவு இரண்டு இட்லி சாப்பிட்டார். எத்தனை நாளைக்குப் பிறகு!

செபம் கேட்கப்பட்டுவிட்டது. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது ஒரு பொய். அவர் செத்துவிட்டார் என்று, அதுவும் கோவிலுக்குள்ளேயே, நான் சொன்னது என்ன? மறுநாள் நானும் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டேன். பங்குத்தந்தை சத்தம் போடவில்லை. "அவரு போய் உண்மையைச் சொன்னார் இல்ல? நீயும் போய்ச் சொல்லும்மா" என்றார்.

போனேன். அதைவிட அரளியை அரைத்துக் குடித்திருக்கலாம் போலிருந்தது.

"உன் பேரைக் குடுத்தது நான்தான்ப்பா. நீ சாகணும்னுதான் குடுத்தேன்."

அவர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இன்னும் எத்தனை நாள் பூசை பாக்கி கீதுக்கா?"

"பதினஞ்சு."

"நிறுத்தாதீங்க. நானும் வரேன்."

மீதி நாட்களில் அவர் பெயரை உயிரோடிருப்பவர்களுக்கான வேண்டுதல்களில் வாசித்தார்கள். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வழக்கு முடிந்து இவர் இப்போது மறுபடியும் வேன் ஓட்டுகிறார். ஸ்தோத்திரம். நானும் செபமாலையில் பிறர் குற்றத்தைப் பொறுக்கிற அந்த வரியை இப்போது விடாமல் சொல்கிறேன். ஞானப்பிரகாசத்தின் முகத்தைப் பார்த்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. கடித்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

உங்களுக்கும் மன்னிக்க முடியாத ஒரு பெயர் இருக்கும். ஆத்திரம் தணியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆத்திரத்தோடேயே அந்தப் பெயரைப் பீடத்துக்குக் கொண்டுவாருங்கள். சாவுக்கென்று நான் கொடுத்த பெயரை ஆண்டவர் வாழ்வுக்கென்று வாங்கிக்கொண்டார்.