எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே எண்

பதிவுத் தபாலில் அந்த நோட்டீஸ் வந்தபோது நான் காஸ் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் எங்களுடையது சின்ன யூனிட். தறிக்காரர்களிடம் துணி வாங்கி, வெளுத்து, வெட்டி, மடித்து, காகித உறையில் போட்டு ஒட்டி, கிருமி நீக்கும் இடத்துக்கு அனுப்புவோம். திரும்பி வந்ததும் மருந்துக் கடைகளுக்குப் போகும். புண்ணில் வைத்துக் கட்டுகிற துணி. என் வீட்டுக்காரரும் நானும் ஆறு பெண்களும்தான் மொத்த ஆள்பலம்.

நோட்டீஸில் இருந்தது இவ்வளவுதான். கூமாப்பட்டியில் தென்னை மரம் ஏறுகிற ஒருவருக்கு வேலையின்போது காலில் அரிவாள் பட்டு வெட்டு. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் கட்டு மாற்ற வாங்கிய துணி எங்களுடையது. புண் சீழ் பிடித்து, இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். துணி சுத்தமில்லாததுதான் காரணம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார்.

கால்விரல் இல்லாமல் மரம் ஏற முடியாது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. என் வீட்டுக்காரர் நோட்டீஸை இரண்டு தடவை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்குட்டி முகம் இப்படிப் போகுது? ஒவ்வொரு லாட்டுக்கும் ரிப்போர்ட் வச்சிருக்கேன். ஒரு நாளு பிசகினது கிடையாது."

ஒரு தடவையில் மொத்தமாகத் தயாராகிற சரக்கு ஒரு லாட். இவர் சொன்னது உண்மை. இவரைப்போல் நோட்டு எழுதுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. துணி எந்தத் தறியிலிருந்து வந்தது, என்றைக்கு வெளுத்தது, என்றைக்குக் கிருமி நீக்கப் போனது, சோதனை ரிப்போர்ட்டில் என்ன வந்தது, எல்லாம் மணி மணியான கையெழுத்தில் இருக்கும். அந்த நோட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். மாப்பிள்ளை வீட்டுக்கு ஜாதகம் கொண்டுபோகிற மாதிரி மடியிலேயே வைத்திருந்தார்.

வக்கீல் என்னைவிட இளைய பெண். எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு கோர்ட்டில் தாக்கல் செய்திருந்த பாக்கெட்டின் போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இம்புட்டு ரிப்போர்ட் இருக்கு, சந்தோஷம் சார். இந்தப் பாக்கெட்டுக்கு எது?"

போட்டோவில் பேட்ச் நம்பர் தெளிவாக இருந்தது. 4136.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "எல்லாத்துக்கும் அதே நம்பர்தான்."

"எல்லாத்துக்கும்னா?"

"தொழில் ஆரம்பிச்சதுலருந்து."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவமானத்தில் என் காது சுட்டது.

இவருக்கு ராசி எண் ஐந்து. ஊரில் எண் ஜோதிடம் பார்ப்பவர் ஒருவர் சொன்னது. ஸ்கூட்டர் எண்ணைக் கூட்டினால் ஐந்து வரும், செல்போன் எண்ணைக் கூட்டினாலும் ஐந்து. யூனிட் தொடங்கும்போது, பாக்கெட்டில் பேட்ச் நம்பர் போட வேண்டும் என்றதும் நேராக அந்த ஜோதிடரிடம்தான் போனார். கூட்டினால் ஐந்து வருகிற மாதிரி அவர் எழுதிக் கொடுத்ததுதான் 4136. ரப்பர் ஸ்டாம்பு செய்து, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அன்றிலிருந்து அதையே குத்தினோம். லாட்டுக்கு லாட் எண் மாற வேண்டும் என்று இவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் நோட்டில் ஒழுங்காக வேறு வேறு எண் எழுதினார். வெளியே போகிற பாக்கெட்டுக்கு மட்டும் ராசியான எண். நானும் சேர்ந்துதானே குத்தினேன்! யாரைக் குறை சொல்ல?

வக்கீல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உங்க நோட்டுக்கும் இந்தப் பாக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லாம போச்சே சார். லாட்டுக்கு ஒரு நம்பர் போட்டு, அதுலருந்து நாலு பாக்கெட்டை எடுத்துப் பூட்டி வச்சிருந்தீங்கன்னா, இன்னைக்கு அதைப் பிரிச்சு சோதிக்கச் சொல்லியிருப்பேன். எந்த லாட்டு எந்தக் கடைக்குப் போச்சுன்னு எழுதியிருந்தா அதையும் காட்டியிருப்பேன். இப்ப நான் எதைக் காட்ட? எதிர்த்தரப்புல கடைக்குப் போயி நேத்து வந்த பாக்கெட்டை வாங்கிட்டு வந்து, அதுலயும் இதே நம்பர்னு காட்டினாலே போதும், முடிஞ்சது."

பாக்கெட்டில் மாதமும் வருடமும் இருந்தன. அதை வைத்துத் தேடினால், அந்த மாதத்தில் நான்கு லாட். நான்குக்கும் ரிப்போர்ட் நன்றாகவே இருந்தது. இவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. எனக்கு அந்த மாதத்தின் வேறொரு நாள் ஞாபகம் வந்தது.

அந்த மாதம் ஒரு மத்தியானம் திடீர் மழை. இவர் மதுரைக்குப் போயிருந்தார். தகரக் கூரையில் ஓட்டை விழுந்து, கிருமி நீக்கி வந்திருந்த பெட்டிகளில் இரண்டு நனைந்துவிட்டன. உறை நனைந்தால் உள்ளே இருப்பது சுத்தம் கிடையாது, திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மறுநாள் லாரியில் போக வேண்டிய ஆர்டர் காத்திருந்தது. மேலே இருந்த உறைகளைத் தூக்கிப் போட்டேன். மீதியை ஃபேனுக்கு அடியில் பரப்பிக் காய வைத்து, புதுப் பெட்டியில் அடுக்கி அனுப்பிவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. நோட்டிலும் இல்லை. அப்படிப்பட்ட நோட்டில் இல்லாத ஒரே விஷயம் நான் செய்ததுதான்.

சொன்னால் என்ன ஆகும்? வக்கீலுக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியும், ஆறு பெண்களும் வேறு வேலை தேடுவார்கள், இவர் இனி என் முகத்தைப் பார்ப்பாரா என்பது சந்தேகம். சொல்லாமல் இருந்தால், ராத்திரி பகல் இல்லாமல் இதையே தின்றுகொண்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுவர். வக்கீல் அந்த மாதத்துப் பாக்கெட்டுகளைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கச் சொன்னபோது, நான்தான் முதல் ஆளாக ஓடினேன். வந்த பெட்டி ஒவ்வொன்றையும் பிரித்து உறைகளைத் தடவிப் பார்த்தேன். காய்ந்த காகிதத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஸ்டாம்பை இவரே அடுப்பில் போட்டார். இப்போது லாட்டுக்கு ஒரு எண், ஒவ்வொன்றிலும் நான்கு பாக்கெட் பீரோவில், எந்தக் கடைக்குப் போனது என்று தனி நோட்டு. கூரையும் மாற்றியாகிவிட்டது. உறையில் "பிரித்தவுடன் பயன்படுத்தவும், மீதியை வைத்திருக்கக் கூடாது" என்று தமிழில் பெரிதாகப் போட்டிருக்கிறோம். முன்பு அது பொடி எழுத்தில் இங்கிலீஷில் மட்டும் இருந்தது. கூமாப்பட்டியில் யார் படிப்பார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

பதில் மனுவில் வேறு வழியில்லாமல் வக்கீல் ஒரு வரி சேர்த்திருந்தார். காயத்தை வீட்டில் முறையாகப் பராமரிக்காததே சீழுக்குக் காரணம் என்று. கீழே இவர் கையெழுத்துப் போட்டார். யூனிட் இருவர் பெயரிலும் இருப்பதால் நானும் போட்டேன்.

வாய்தாவுக்கு வாய்தா ஸ்ரீவில்லிபுத்தூர். மூன்றாவது தடவை கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வீட்டுக்காரர் தள்ளி, தூணுக்குப் பக்கத்தில், ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போகலாமா என்று பார்த்தேன். அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் அவள்.

"ஏக்கா, நீங்கதான துணி போடுறவுக?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சண்டைக்கு வரலக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." குரலைத் தாழ்த்தினாள். "அவருக்கு டெய்லி நாந்தான் கட்டுப் போட்டேன். வெந்நியில கை கழுவிட்டுத்தான் போட்டேன். ஒரு நா மட்டும் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு அவசரத்துல வந்தேன். கழுவுனனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. உங்க பேப்பர்ல வீட்டுல சரியாப் பாக்கலன்னு எழுதியிருக்காமே, எங்க வக்கீல் வாசிச்சுக் காமிச்சாக. அன்னைலருந்து தூக்கம் இல்லக்கா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? உங்க துணியா, என் கையா?"

அந்த வரியில் என் கையெழுத்து இருந்தது. வக்கீல் யாரிடமும் பேசக் கூடாது என்று எச்சரித்திருந்தார். பக்கத்தில் இவர் கேட்டுக்கொண்டிருந்தார். அதெல்லாம் தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

"மழையில ரெண்டு பெட்டி நனைஞ்சதும்மா. காய வச்சு நாந்தான் அனுப்பினேன். எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

இவர் மெல்லத் திரும்பினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை, ஒரு வெளிச்சம்.

"அப்ப அவருக்கு வச்சது அந்தப் பெட்டித் துணிதானக்கா? என் கை இல்லைல?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அது பொய்யாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். வேறு எண் குத்தியிருந்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லியிருப்பேன், அவளை விடுவித்தோ, இல்லை என்னை விடுவித்தோ.

"தெரியலையேம்மா," என்றேன். "எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போட்டுட்டோம்."

அவள் என் கையை விடவில்லை. நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே எங்கள் வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.