சுவர்ப் பக்கம் திரும்பிய கைநாட்டு

பழைய படங்கள் சேர்ப்பது செல்லம்மாளுக்குப் பொழுதுபோக்கு என்று அவள் காரியத்தன்று மூன்று பேர் பேசினார்கள். தவறு. அவள் எதையும் சேர்க்கவில்லை. அவளிடம் இருந்த இருபத்தொரு அஞ்சலட்டைகளும் உலகப் போரின்போது அவள் அப்பா ராசிபுரத்து வீட்டுக்கு அனுப்பியவை. அவளோடு கான்வென்டில் படித்து இன்னும் மிஞ்சியிருக்கும் நமக்காவது இது நினைவிருக்க வேண்டும்.

அவள் போன செய்தியை அவள் மகன் கதிர்வேல்தான் போனில் சொன்னான். "அம்மா போயிட்டாங்க பெரீம்மா." நான் முதலில் கேட்டது, "அட்டையெல்லாம் எங்கே?" என்பது. அதற்காக என்னைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்களாம். சொல்லட்டும்.

"அதுங்களா? கொண்டப்பநாயக்கன்பட்டில நம்ம சிநேகிதர் ஓட்டல்ல ஒட்டியாச்சுங்க" என்றான்.

அவள் அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, அவர் மனைவிக்கும் தெரியாது. அதனால் பட்டாளத்துக் கேலிப்பட அட்டைகளில் தன் நிலைமைக்குப் பொருத்தமானதாகப் பார்த்து அனுப்புவார். விமானம் அளவுக்கு ஒரு கொசு சிப்பாயைத் துரத்தினால் அவருக்குக் காய்ச்சல். சட்டி நிறையச் சோறு இருந்தால் தேறிவிட்டார். பின்புறத்தில் முகவரியை வேறு யாராவது எழுதுவார்கள். அதன் கீழே அவருடைய பெருவிரல் ரேகை இருக்கும். கடைசி அட்டையில் ஒரு குண்டுச் சிப்பாய் மூட்டையோடு ரயிலேறினான். வருகிறார் என்று வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அவர் வரவில்லை.

"சிரிக்கிற படத்தப் பாத்துத்தான் எங்கூட்ல அழுவாங்க புள்ள" என்பாள் செல்லம்மாள்.

"கைநாட்டு அவங்கப்பனோட போகட்டுமுங்க" என்று சொல்லித்தான் அவள் அம்மா அவளைக் கான்வென்டில் சேர்த்தார். அங்கே அவள் கொண்டுவந்திருந்த ஓர் அட்டையின் பின்புறத்தைப் பார்த்து, "உங்கப்பா கைநாட்டா?" என்று சிரித்தவள் நான். அவள் அழவில்லை. என் பெருவிரலைப் பிடித்து மையில் முக்கி, என் கணக்கு நோட்டில் அழுத்தினாள். அட்டையைப் பக்கத்தில் வைத்தாள். "இதுல எது நீயி, எது எங்கப்பன்? படிச்ச புள்ளதான, படிச்சுச் சொல்லு பாக்கலாம்."

நான் இரண்டு ரேகைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

போன வாரம் ஆட்டோ பிடித்து அந்த ஓட்டலுக்குப் போனேன். சுவரில் 'இனிய பழைய நாட்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். கொசுப் படத்துக்குக் கீழே நின்று ஒரு குடும்பம் சிரித்தபடி செல்ஃபி எடுத்தது. அட்டைகளின் பின்புறம் முழுக்கப் பசை. இருபத்தொரு ரேகைகளும் சுவரைப் பார்த்தபடி இருக்கின்றன. அந்த மனிதர் தன் கையால் விட்டுப்போனது வேறெதுவும் இல்லை. இந்த மாதக் கடைசியில் மேலே வார்னிஷ் பூசுவார்களாம். பிறகு பிரிக்கவே முடியாது.

கதிர்வேலிடம் சொன்னேன். "பிரிச்சா கிழிஞ்சிருமுங்க பெரீம்மா. நாலு பேரு பாக்கறாங்கள்ல, அம்மாவுக்குப் பெருமைதானுங்க."

"உங்கம்மாவைக் கேட்டாயா?"

"அவங்க ஆஸ்பத்திரில இருந்தாங்களே. சரி, பாக்கலாமுங்க."

மூன்று முறை போன் செய்துவிட்டேன். மூன்று முறையும் "பாக்கலாமுங்க"தான்.

செல்லம்மாளின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த நோட்டுத் தாள் ஒன்றுதான். அதில் இருப்பது என் ரேகை. கீழே அவள் கையெழுத்தில் 'படிச்ச புள்ள' என்று எழுதியிருக்கிறது. அறுபது வருடங்களுக்கு மேலாக அதை நான் கிழித்துப் போடவில்லை.

கதிர்வேல், இதை உனக்கும்தான் அனுப்புகிறேன். பழைய தாள்களைக் கிழியாமல் பிரித்தெடுக்கத் தெரிந்த ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன். வார்னிஷ் பூசுவதற்கு முன் அட்டைகளை எடுக்கச் சம்மதமா, இல்லையா? போனில் வேண்டாம். உனக்கு எழுதப் படிக்கத் தெரியும். எழுத்தில் பதில் அனுப்பு.