இயந்திரத்துக்கு முன்னால் நடப்பவள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. "டிராக்டர் அக்கா வீடு" என்று கேட்டால் போதும், வேலையை விட்டுவிட்டு வந்து வழிகாட்டுவார்கள்.

டிராக்டர் முதலில் அவள் கணவருடையது. பால் பண்ணைகளுக்குத் தீவனப்புல் அறுத்துக் கொடுப்பது அவர் தொழில். ஒரு நாள் டயர் மாற்றும்போது ஜாக்கி வழுக்கி இடுப்பில் பலமான அடி. நடமாடலாம், ஆனால் உடம்பு குலுங்கக் கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பி வைத்தார்கள். "குலுங்காத டிராக்டர் எந்தக் கடையில விக்குதாம்?" என்று அவர் சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் அவள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஓட்டக் கத்துக்க."

"உனக்கு சைக்கிளே நேரா போகாதே!"

"அது ரெண்டு சக்கரம், விழும். இதுக்கு நாலு இருக்கே."

விழவில்லை. ஆனால் பண்ணை வாசலில் பின்னால் எடுக்கும்போது ஒரு தூணைச் சாய்த்துவிட்டாள். பண்ணையம்மா வாயில் கைவைத்து நின்றார். இவள் போய் சிமெண்டும் மணலும் கொண்டுவந்து, தானே குழைத்து, இருட்டுவதற்குள் தூணை நிமிர்த்திவிட்டாள். தூண் கொஞ்சம் கோணல்தான். ஆனால் அன்றைக்கே பண்ணையம்மாவுக்கு ஒன்று புரிந்துவிட்டது: இந்தப் பெண் இனி வேலையை விட மாட்டாள். அப்படியே ஆயிற்று. சில வருஷத்தில் சுற்று வட்டாரப் பண்ணைகள் எல்லாமே அவளைத்தான் கூப்பிட்டன.

புல் அறுக்கும்போது காகங்கள் இயந்திரத்தின் பின்னாலேயே வரும். அவை வருவது, வண்டியோடு பூட்டிய வெட்டுப்பட்டையின் பிளேடுகள் கிளப்பிவிடும் பூச்சிகளுக்காக. அவள் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. ஆனால் அன்றைக்கு பண்ணையம்மாவின் பெரிய வயலில் காகங்களின் சத்தமே வேறு மாதிரி இருந்தது. எல்லாம் ஒரே இடத்தில் விழுந்து அடித்துக்கொண்டன. அவள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனாள்.

அறுத்த புல்லின் மேல் ஒரு முயல்குட்டி கிடந்தது. பாதிதான் கிடந்தது.

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, ஏன் என்று தெரியாமலே, இயந்திரத்துக்கு முன்னால் அறுக்காமல் நின்ற புல்லை விலக்கிப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு குட்டி. உள்ளங்கை அளவு, பழுப்பு நிறம், காதுகள் முதுகோடு ஒட்டியிருந்தன. கண் திறந்தே இருந்தது. அவளை நேராகப் பார்த்தது. ஆனால் அசையவில்லை. இத்தனை பெரிய இயந்திரம் இரைந்துகொண்டு வந்தபோதும் அது அசைந்திருக்காது.

"ஓடேன்டா," என்றாள். "கால் இருக்குல்ல? ஓடேன்."

அது ஓடவில்லை. அவள் அதை எடுத்து சாப்பாட்டுப் பையில் துணியைச் சுற்றி வைத்துக்கொண்டு, மீதி வயலை வண்டியை மெதுவாக நகர்த்தி முடித்தாள்.

வீட்டில் கணவர் பையை எட்டிப் பார்த்தார். "ஏற்கெனவே ஒரு நோயாளி இருக்கேன். எனக்குப் பேச்சுத்துணையா?"

"தாய் ஓடிப்போயிருச்சுங்க. விட்டா செத்துரும்."

பசும்பாலைத் தண்ணீர் கலந்து சூடு ஆற்றி, மருந்துப் புட்டியின் ஃபில்லரால் சொட்டுச்சொட்டாக விட்டாள். கிண்டல் செய்த மனுஷனே தன் கம்பளியைக் கிழித்து மெத்தை போட்டுக்கொடுத்தார். குட்டி கொஞ்சம் குடித்தது. மறுநாள் அதன் வயிறு பந்து மாதிரி உப்பிவிட்டது. மதியத்துக்குள் கதை முடிந்தது.

மாடுகளுக்கு ஊசி போட வந்த கால்நடை மருத்துவரை அவள் பண்ணை வாசலில் மடக்கினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகவே விளக்கினார்.

"அக்கா, தாய் ஓடிப்போகலை. காட்டு முயலுக்கு வளை கிடையாது. வெட்டவெளியில புல்லுக்குள்ளதான் குட்டி போடும். போட்டு, ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு இடத்துல விட்டுட்டுத் தள்ளிப் போயிரும். பக்கத்துலயே இருந்தா நரி மோப்பம் பிடிச்சிரும். பொழுது சாயும்போது வந்து பால் குடுத்துட்டுத் திரும்பப் போயிரும்."

"அப்ப குட்டி ஏன் ஓடலை?"

"அசையாம இருந்தா எதிரி கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்ச தற்காப்பு அதுதான். நரிகிட்ட பலிக்கும், பருந்துகிட்ட பலிக்கும். டிராக்டர்கிட்ட பலிக்காது."

அன்று சாயங்காலம் அவள் பெரிய வயலின் வரப்பில் போய் உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்கிய நேரம் வேலிப்பக்கம் இருந்து ஒரு முயல் வந்தது. வயலே மொட்டையாகக் கிடந்தது, ஒளிய ஒரு பிடி புல் இல்லை. இருந்தும் வந்தது. நடு வயலில் ஓரிடத்தில் நின்று தரையை முகர்ந்தது. வட்டமடித்தது. மறுபடியும் அதே இடத்துக்கு வந்து, காதை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்தது. இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை அது நகரவில்லை.

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. "அது தேடி வந்துச்சுங்க," என்றாள் கணவரிடம். "நான் கொண்டாந்துட்டேன். பக்கத்து வேலியோரம் விட்டிருந்தா பொழைச்சிருக்கும்."

"தெரியாம செஞ்சதுதானே."

"இப்ப தெரிஞ்சிருச்சு. இனிமே நடந்து பாக்காத வயல்ல நான் பட்டையை இறக்க மாட்டேன்."

அவள் குரலில் இருந்தது என்னவென்று அவருக்குத் தெரியும். ஆணியில் இருந்து சாவியை எடுத்த அன்றும் இதே குரல்தான். அவர் மெல்ல அவள் பக்கம் திரும்பிப் படுத்தார். "நாம எப்படி அறுக்கறோம்? வெளியில இருந்து சுத்திச்சுத்தி உள்ள போறோம். ஓடத் தெரிஞ்ச பெரிய முயல்கூட நடுவுல போய் மாட்டிக்கும். நடுவுல ஆரம்பிச்சு வெளியில வா. ஓடறதுக்கு வழி கிடைக்கும். வண்டி திருப்பறதுதான் கஷ்டம்."

"கஷ்டம்னா என்ன, பழகிக்கறேன்."

அடுத்த வயல் ஆற்றங்கரைப் பக்கம். முந்தின நாள் சாயங்காலமே வயலில் அங்கங்கே குச்சி நட்டு, பழைய பிளாஸ்டிக் பைகளைக் கட்டிவிட்டாள். காற்றில் அவை படபடத்தால் தாய் பயந்து குட்டிகளை வேறு இடத்துக்கு அழைத்துப் போகக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காலையில் பண்ணையம்மா வந்து பார்த்தார்.

"என்னம்மா இது, துணி காயப்போட்ட மாதிரி?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். பண்ணையம்மா கல்மனசுக்காரர் இல்லை. ஆனால் மேற்கே வானம் கறுத்திருந்தது. "மழை இறங்குச்சுன்னா புல்லு அழுகிப்போகும். அத்தனை மாடு வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. அதுங்களுக்கு யாரு பதில் சொல்றது, உன் முயலா?"

"வேகமா நடந்து முடிச்சிடறேம்மா."

ஒரு நீளக் கம்பால் புல்லை விலக்கிக்கொண்டு அவள் வரிசை வரிசையாக நடந்தாள். முழங்கால் வரை பனியில் நனைந்து சேலை பாரமாகியது. புல்லின் ஓரம் காலைக் கீறியது. குட்டி கிடைத்தால் இரண்டு கையிலும் கொத்தாகப் புல்லைப் பிடித்துக்கொண்டு, தன் வாசனை ஒட்டாமல் தூக்கி, பக்கத்து வேலியோரப் புதரில் விட்டாள். அங்கே இங்கே என்று மூன்று குட்டிகள் அகப்பட்டன. போகிற வழியில் காலில் தட்டிய கல், துருப்பிடித்த கம்பி, யாரோ விட்டுப்போன இரும்பு முளை எல்லாவற்றையும் பொறுக்கி வரப்பில் எறிந்தாள். பிறகு வண்டியேறி நடுவயலில் ஆரம்பித்தாள். திருப்பும்போதெல்லாம் தடுமாறினாள். கடைசி வரிசை மிச்சம் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது.

பண்ணையம்மா குடையோடு வந்து, நனைகிற புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிடறேன். தப்பா எடுத்துக்காத."

"கூப்பிடுங்கம்மா, உங்க வயல். ஆனா யார் ஓட்டினாலும், வண்டிக்கு முன்னால நான் நடந்துக்கறேன்."

"கூலி இல்லாமலா?"

"நான் கேக்கலையே."

சொன்னதைச் செய்தாள். அடுத்த வயலுக்கு வெளியூரில் இருந்து ஒரு டிரைவர் வந்தார். விடியும்போதே கம்போடு வயலில் இறங்கிவிட்ட பெண்ணைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. "அக்கா, ஊசி எதுவும் தொலைச்சுட்டீங்களா?" பாதி வயல் வரை பொறுத்துக்கொண்டார். பிறகு ஹாரன் அடித்தார். அவள் திரும்பவே இல்லை. அவர் அலுத்துப்போய், அவள் இன்னும் நடக்காத பக்கத்தில் வண்டியை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் டணால் என்று ஒரு சத்தம். புல்லுக்குள் கிடந்த கருங்கல்லில் மோதி வெட்டுப்பட்டை வளைந்து, பிளேடு பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. பட்டறைக்குப் போன பட்டை அன்றைக்குத் திரும்பவில்லை.

அவள் ஓடிப்போய்த் தன் வண்டியைக் கொண்டுவந்தாள். மீதியை நடந்து முடித்து, அறுத்தும் முடித்தாள். அந்த டிரைவர் வரப்பில் உட்கார்ந்து, அவள் முயல்குட்டிகளைத் தூக்கிப் புதரில் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "நான் அறுக்கற வயல்கள்லயும் முயல்குட்டி உண்டுக்கா. எத்தனையோ தடவை பார்த்திருக்கேன், கண்டுக்காம போயிருக்கேன்," என்று மட்டும் சொன்னார்.

பண்ணையம்மா முயலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "கல்லு பொறுக்கறதுக்காவது ஒருத்தி நடக்கறது நல்லதுதான்," என்று சொல்லி, அடுத்த வயலில் இருந்து அவளோடு நடக்க மாட்டுக்கொட்டிலில் வேலை செய்யும் பெண்கள் இருவரை அனுப்பினார். மூன்று பேர் வரிசையாக நடந்தால் வேலை சீக்கிரம் முடிந்தது. கணவர் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு வரப்பில் வந்து உட்கார்ந்தார். "இடது பக்கம் ஒடி! இன்னும் ஒடி! நான் ஓட்டினா இப்பவே முடிச்சிருப்பேன்!" என்று கத்துவது அவர் பங்கு. படுக்கையில் கிடந்ததைவிட அது அவர் உடம்புக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது.

மற்றப் பண்ணைகள் எல்லாம் ஒத்துக்கொண்டுவிடவில்லை. "வந்தமா, அறுத்தமா, போனமான்னு இருக்கணும்," என்று சொல்லி இரண்டு இடங்களில் அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. வேறு பண்ணை தேடிக்கொண்டாள்.

இத்தனை செய்தும் எல்லாக் குட்டியும் தப்பிவிடுவதில்லை. போன பருவத்தில் மூன்று பேர் நடந்த வயலிலேயே ஒன்று பட்டையில் மாட்டிவிட்டது. அவள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். கொட்டில் பெண்கள் அழுதார்கள். அவள் வரப்பில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாம மூணு பேரும் ரொம்ப இடைவெளி விட்டு நடந்திருக்கோம்," என்றாள். "மிச்ச வயலை இன்னும் நெருங்கி நடப்போம். வாங்க."

அறுக்காமல் நின்ற புல்லுக்குள் மூவரும் திரும்ப இறங்கினார்கள், இந்த முறை கைக்குக் கை எட்டுகிற தூரத்தில்.